முதல் வருஷம் பூக்காது

மனைவியோடு இனிமேல் சண்டை போடுவதில்லை, ஏமாற்றிப் பார்ப்பது என்று போன மார்ச் மாதம் முடிவெடுத்தேன். முப்பத்தாறு வருஷம் சண்டை போட்டுப் பார்த்தாயிற்று. அதில் ஒரே ஒரு தடவை ஜெயித்திருந்தாலும் அந்த வழியிலேயே போயிருப்பேன். எனக்குப் புது வழிகளில் ஆசை கிடையாது.

என் மனைவி ஆர்டிஸ் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின்னால் அறுபது பிள்ளைகள் ரகளை செய்யும். இவள் வாய் திறக்க மாட்டாள். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஓய்வு பெற்றபோது பஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், பார்வையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் தபால் கொடுத்தவன். நாய்களுக்கு அஞ்சி வாழ்ந்து பழக்கமுள்ளவன் என்பதால் இதையும் சமாளித்து வந்தேன்.

விவகாரம் என் குடிலைப் பற்றியது. மின்னசோட்டாவில் குளிர்காலம் வந்தால் ஏரி கல்லாக இறுகிவிடும். ஆளாளுக்கு ஒரு மரக்குடிலை அதன்மேல் இழுத்துப்போய் வைத்து, தரையில் இருக்கிற ஓட்டை வழியே பனியைத் துளைத்து, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிப்போம். மார்ச் மாதம் பனி இளகுவதற்குள் குடிலைக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சட்டம். அப்புறம் டிசம்பர் வரை அது வீட்டுக் கொல்லையில் சும்மா கிடக்கும்.

மற்றவர்கள் குடில்தான் சும்மா கிடக்கும். என்னுடையதில் நான் இருப்பேன். எட்டுக்கு ஆறு அடி. ஒரு அடுப்பு, ஒரு பலகைக் கட்டில், ஒரு ரேடியோ, ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன் ஒரு ஜாடி. கோடை முழுக்க அதில் படுத்துக்கொண்டு பேஸ்பால் வர்ணனை கேட்பேன். வீட்டில் ஆர்டிஸ், குடிலில் நான், நடுவில் நாற்பதடி புல்வெளி. எங்கள் தாம்பத்யம் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு அந்த நாற்பதடிதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மார்ச்சில் பக்கத்து வீட்டு வெர்ஜிலும் நானும் குடிலை இழுத்துவந்து வழக்கமான இடத்தில் இறக்கியபோது, ஆர்டிஸ் பின்வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான் என்றாள். அங்கே இந்த மண்ணுக்கே உரிய காட்டுப்பூக்களைப் போடப்போகிறாளாம். ஏர் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் நிறைந்து கிடந்த பூக்கள். குடில், இருபது மைல் தள்ளி இருக்கும் அவள் தம்பி ஓரினின் பண்ணைக்குப் போகவேண்டியது. மே மாதம் வரை தவணை.

"புல்லு முளைச்சிருக்கிற இடத்துல போடேன்," என்றேன்.

"புல்லை எடுக்கவே ஒரு வருஷம் ஆகும். இங்க உங்க குடில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு புல்லு இல்லாம சுத்தமா இருக்கு. ஒன்பது வருஷமா எனக்காக நிலத்தைத் தயார் பண்ணியிருக்கீங்க. நன்றி."

விசாரித்ததில் இது திடீர் யோசனையும் இல்லை. கார் கொட்டகையில் என் தூண்டில் புழுக்களுக்கென்று ஒரு பழைய ஃபிரிட்ஜ் உண்டு. அதில் டிசம்பரிலிருந்தே ஒரு ஐஸ்கிரீம் வாளி நிறைய ஈரமணல் இருந்தது. எங்கள் ஊரில் ஐஸ்கிரீம் தீர்ந்த வாளியை யாரும் எறிவதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதும் இல்லை. புழுவுக்கு மெத்தை போலிருக்கிறது என்று எண்ணி இரண்டு கைப்பிடி அள்ளிப் புழு டப்பாவில்கூடப் போட்டேன். அது அவளுடைய விதை. இந்த விதைகள் மூன்று மாதம் ஈரத்தில், குளிரில் கிடந்தால்தான் முளைக்குமாம். நான் ஏரிமேல் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நாளெல்லாம் என்னுடைய ஃபிரிட்ஜிலேயே எனக்கு எதிராக வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த வாளியின் மூடிக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் மடித்து வைத்திருந்தது. ஆர்டிஸ் கடைக்குப் போன நேரத்தில் படித்தேன். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: முதல் வருஷம் தூங்கும், இரண்டாம் வருஷம் தவழும், மூன்றாம் வருஷம் தாவும். அதாவது இந்தச் செடிகள் முதல் வருஷம் முழுக்க வேர் விடுவதிலேயே கழிக்கும். பூக்காது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பிரசுரத்தை மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் வரை குடிலில் படுத்து யோசித்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில், ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை. அதற்குள் அந்தப் பாத்தியில் ஒரே ஒரு பூ விரிந்தால் போதும், குடில் ஆயுசுக்கும் ஓரின் பண்ணையிலேயே கிடக்கட்டும். ஒரு பூகூட விரியாவிட்டால் அன்றைக்கே குடில் பழைய இடத்துக்குத் திரும்பும், பூ என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கக்கூடாது.

ஆர்டிஸ் உருளைக்கிழங்கு வேகவைத்த பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள். "ஒரு பூ போதுமா?"

"ஒண்ணு போதும். எனக்குப் பெரிய மனசு."

அவள் கடையில் பூத்த செடியாக வாங்கி நட்டுவிடுவாளோ என்று சந்தேகம் வந்தது. அதனால் பாத்தியில் என் கையைத் தவிர வேறு கை படக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்படியானால் விதைப்பது, தண்ணீர் விடுவது, களை எடுப்பது எல்லாம் என் பொறுப்பு, பாத்தி காய்ந்தாலோ களை மண்டினாலோ நான் தோற்றதாகக் கணக்கு என்று அவளும் ஒன்று போட்டாள். நியாயமாகத்தான் பட்டது. சர்ச்சில் கொடுத்த அறிக்கைத் தாளின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வெர்ஜில் சாட்சி. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் நான் இல்லை, பிரசுரத்தைப் படித்துவிட்டுத்தானே விடுகிறேன் என்று அப்போது எனக்கு ஒரு தெம்பு இருந்தது.

மே மாதம் குடில் போயிற்று. வெர்ஜிலின் வண்டிக்குப் பின்னால் அது தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தேன். நான்கு மாதம்தானே என்று சொல்லிக்கொண்டு ஈரமணலைப் பாத்தி முழுக்கத் தூவினேன். விதையை மண்ணோடு அழுத்த வேண்டுமாம். ஆர்டிஸ் படியில் உட்கார்ந்து காபி குடித்தபடி சொல்லச் சொல்ல, அறுபத்தெட்டு வயதில் தனியாக ஒரு நடனம் ஆடுகிறவன் மாதிரி பாத்தி முழுக்க மிதித்தேன்.

ஜூனில் எல்லாம் முளைத்தது. எல்லாம் என்றால், எல்லாமே. எட்டுக்கு ஆறடி பாத்தியில் பச்சைப்பசேலென்று ஆயிரம் முளை. எது பூச்செடி, எது களை? ஆர்டிஸைக் கேட்டால் பந்தயம் என்கிறாள். இதில் நிமிர்ந்து வளர்ந்த ஒரு வகை எனக்குப் பிடித்துப்போயிற்று. இலையெல்லாம் சீப்புப் போல அழகாகப் பிரிந்திருக்கும். மூன்று வாரம் அதற்கென்று தனியாகத் தண்ணீர் விட்டேன். ஒரு நாள் வெர்ஜில் வேலிப் பக்கம் வந்து பதினோரு தடவை தும்மினான்.

"என்னய்யா, ராக்வீட் களையை வரிசை கட்டி வளர்க்கிற? ஊரே மூக்கைச் சிந்திக்கிட்டுத் திரியறதுக்கு இதுதானே காரணம்."

மூன்று வாரச் செல்லத்தை ஒரே காலையில் பிடுங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு வெர்ஜிலின் நோட்டத்தையும் நம்பவில்லை, என் கண்ணையும் நம்பவில்லை. நூலகத்தில் படம் போட்ட புத்தகம் எடுத்துவந்தேன். தபால்தலை பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தேன். தினம் காலையில் மண்ணில் மூக்கு இடிக்கக் குப்புறப் படுத்தேன். கூம்புப்பூவின் இலை பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும். பால்செடியைக் கிள்ளினால் பால் வரும், ஆனால் கிள்ளக்கூடாது. மணிப்பூண்டை லேசாகக் கசக்கினாலே வாசனை தூக்கும். பக்கத்திலேயே அச்சு அசலாக அதே உருவத்தில் ஒரு களை நிற்கும், அதற்கு வாசனை கிடையாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தோற்கக்கூடாது என்ற ஒரே வெறியில் கற்றுக்கொண்டேன்.

பேஸ்பால் வர்ணனைக்குக் குடில் இல்லை. ரேடியோவைப் பாத்தி ஓரம் கொண்டுவந்து, ஐஸ்கிரீம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வர்ணனை கேட்டுக்கொண்டே களை எடுக்கலாம். கூம்புப்பூ நாற்பத்தொன்று, பால்செடி பதினெட்டு என்று எண்ணி வைத்திருந்தேன். எண்ணிக்கை குறைந்தால் களை மண்டிற்று என்று ஆர்டிஸ் சொல்லிவிடுவாளே, அதற்காகத்தான். அவள் பகல் பதினொன்றுக்குக் காபி கொண்டுவந்து பாத்தி விளிம்பில் வைத்துவிட்டுப் போவாள். விளிம்பைத் தாண்டி ஒரு விரல் வைத்ததில்லை. ஒப்பந்தத்தை மதிக்கிறாள் என்று அவள்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது.

ஜூலையில் பதினாறு நாள் மழை இல்லை. வெர்ஜில் ஏரிக்கு மீன் பிடிக்கக் கூப்பிட்டான். போனேன். இரண்டு மணி நேரத்தில் படகைத் திருப்பச் சொன்னேன். வெயில் இப்படி அடித்தால் மேற்கு மூலையில் இருக்கிற கூம்புப்பூக்கள் தாங்காது என்றேன். அவன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டே, அந்தச் செடிகள் செத்தால் உனக்கு நல்லதுதானே, குடில் வருமே என்றான். செடி செத்தால் நான் தோற்றதாகக் கணக்கு என்று ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினேன். அவன் கரை வரும் வரை வேறெதுவும் பேசவில்லை. வெர்ஜில் பேசாமல் இருந்தால் மனசுக்குள் சிரிக்கிறான் என்று அர்த்தம்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி காலை. பாத்தி நடுவில் மயிர் அடர்ந்த ஒரு தண்டு. அதன் உச்சியில் பட்டாணி அளவுக்கு ஒரு மொட்டு.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மொட்டேதான். கருவிழிப்பூ. விரிந்தால் மஞ்சள் இதழ், நடுவில் கறுப்புக் குமிழ். ஓடிப்போய்ப் பிரசுரத்தை எடுத்தேன். நான் படித்தது ஒரு பக்கம்தான், திருப்பவில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: கருவிழிப்பூ மட்டும் சில இடங்களில் முதல் வருஷமே பூத்துவிடுவதுண்டு. முப்பத்தைந்து வருஷம் ஊர் முழுக்கக் கடிதம் கொடுத்தேன், ஒரு காகிதத்தைத் திருப்பிப் பார்க்கிற புத்தி வரவில்லை.

ஒரு பூ விரிந்தால் குடில் போயிற்று. ஹெர்ரிங் ஜாடி போயிற்று, பலகைக் கட்டில் போயிற்று, மிச்ச ஆயுசு முழுக்க வீட்டுக்குள் ஆர்டிஸின் பார்வை வட்டத்தில். செய்ய வேண்டியது சுலபம். பாத்தியில் என் கை மட்டும்தான் படலாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். யாருக்கும் தெரியாது.

குனிந்தேன். விரலையும் கொண்டுபோனேன். மொட்டைச் சுற்றிப் பச்சை மடல்கள் கைக்குழந்தை விரல் மாதிரி இறுக்கி மூடியிருந்தன. இந்தப் பாத்தியில் எத்தனையோ ஆயிரம் களையைப் பிடுங்கிய கை. இதைக் கிள்ள வரவில்லை. சரி, நாளைக்குக் கிள்ளிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். அடுத்த வாரம் முழுக்க அதையேதான் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் மடல் பிளந்து மஞ்சள் தெரிந்தது.

ஞாயிறு விடியற்காலையில் ஜன்னல் வழியே பார்த்தேன். பாத்தி நடுவில் ஒரு முயல். பின்னங்காலில் எழுந்து நின்று கருவிழிப்பூத் தண்டை முன்னங்காலால் வளைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு நன்மை செய்ய வந்த முயல். கடவுளே அனுப்பியிருக்கலாம். நான் செய்யத் தயங்கிய காரியத்தை அது தானாகச் செய்யப் போகிறது. கம்பளி உள்ளாடையோடு, ஒரு கையில் செருப்போடு, ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். செருப்பை வீசினேன். அது முயல்மேலும் படவில்லை, பாத்தியிலும் படவில்லை, வெர்ஜில் வீட்டு ஜன்னலில் பட்டது. முயல் போய்விட்டது. மொட்டும் போய்விட்டது.

வெர்ஜில் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வேலிக்கு வந்தான். "நீதான் ஜெயிச்சுட்டியே. அப்புறம் ஏன்யா அழற?"

"அழல. பனி."

திங்கள்கிழமை ஆர்டிஸ் பாத்தியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். ஒரு பூ இல்லை. சர்ச் தாளை எடுத்து வரிவரியாகப் படித்தாள். தோற்றவள் முகம் எப்படி இருக்கும் என்று முப்பத்தாறு வருஷமாக எனக்கு ஒரு கற்பனை உண்டு. இவள் முகம் அப்படி இல்லை, சாதாரணமாக இருந்தது. வார்த்தை வார்த்தைதான், போய்க் குடிலைக் கொண்டுவாருங்கள் என்றாள். வண்டி பின்னால் வர இடைஞ்சலாக இருக்குமென்று தன் நாற்காலியைக்கூட எடுத்து ஓரமாக வைத்தாள்.

ஓரின் பண்ணைக்குப் போய் வெர்ஜிலும் நானும் குடிலை ஏற்றிவந்தோம். கொல்லையில் வண்டி பின்னோக்கி வந்தது. நான் பாத்தி அருகே நின்று வா, வா, இன்னும் வா என்று கை காட்டினேன். குடிலின் அடிக்கட்டை பாத்தி விளிம்புக்கு வந்தது. அங்கேதான் பதினேழாம் நம்பர் கூம்புப்பூ. ஜூலையில் அதற்கு மட்டும் மூன்று வேளை தண்ணீர் விட்டேன்.

"நில்லு," என்றேன்.

வெர்ஜில் நிறுத்தினான். ஆர்டிஸ் படியிலிருந்து கேட்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இறக்குங்க. ஜெயிச்சது நீங்கதானே."

"மண்ணு ஈரமா இருக்கு."

"மழை பெய்ஞ்சு பத்து நாளாச்சு."

"வெர்ஜிலுக்கு இடுப்பு வலி."

"எனக்கு ஒண்ணும் இல்லையே," என்றான் வெர்ஜில். எனக்கு வாய்த்த நண்பன் அவ்வளவுதான்.

கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தேன். இந்தப் பக்கம் எரிவாயுத் தொட்டி. அந்தப் பக்கம் மேப்பிள் மரம். புல்வெளியில் வைத்தால் ஒன்று பாத்திக்கு வெயிலை மறைக்கும், இல்லை வீட்டை ஒட்டி நின்று என் நாற்பதடியைத் தின்றுவிடும். வாசல் பக்கம் வைத்தால் ஊராட்சியிலிருந்து கடிதம் வரும், அதையும் நான் பழகிய தபால்காரனே கொண்டுவருவான். வேறு இடம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறை ஜெயித்தவன் கொல்லை நடுவில் நிற்கிறேன், ஜெயித்ததை இறக்கி வைக்க எட்டடி இடம் கிடையாது. உள்ளபடி சொன்னால் எனக்கு அழுகையாகத்தான் வந்தது. அடுத்த வருஷம் இது தவழும், அதற்கடுத்த வருஷம் தாவும், இப்போது போய் இதன்மேல் எப்படி இறக்குவது என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். ஆர்டிஸ் உள்ளே போய் எனக்குக் குளிருமே என்று மேல்சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுபடி இருபது மைல். வழியெல்லாம் ஒரு விஷயத்தை நினைத்துத் தேற்றிக்கொண்டேன். நான் தோற்கவில்லை. ஜெயித்தவன் மனமிரங்கி விட்டுக்கொடுத்தேன். இதை ஆர்டிஸ் எதிர்பார்த்திருக்க மாட்டாள். இனிமேல் வீட்டில் என் மதிப்பே வேறு.

ஓரின் கதவண்டை நின்றிருந்தான். பண்ணை கேட் விரியத் திறந்தபடி கிடந்தது. குடில் இருந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. எங்கே இறக்குவது என்று கேட்டேன்.

"எடுத்த இடத்துலயே வைங்க அத்தான். திரும்பி வந்துடும், அந்த இடத்துல எதையும் வைக்காதேன்னு அக்கா சொல்லியிருந்தா."

"என்ன சொன்னா?"

ஓரினுக்குப் பொய் வராது. "அவரு தோத்தா சாகற வரைக்கும் பொலம்பிக்கிட்டே இருப்பாரு. ஜெயிக்கட்டும். ஜெயிச்சா அவரே கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுவாருன்னு சொன்னா."

சரிதான், நான் பாத்தி ஓரத்தில் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் வந்து சேர்வதற்குள் போன் போட்டிருக்கிறாள். கெட்டிக்காரிதான்.

"இப்பதான் போன் பண்ணாளா?"

"இல்ல அத்தான். மே மாசம்."